கடலோரக் காவல்படையில நாவிக் (மாலுமி) ஆகணும்னு ஆசை, அப்பா வேண்டாங்கிறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாம்பன் காற்று எழுதியது:

வணக்கம். எனக்கு 19 வயசு, ஊர் தங்கச்சிமடம். போன வருசம் பிளஸ் டூ முடிச்சேன். கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ். தமிழ்வழி. அப்பா விசைப்படகுல டிரைவர். எட்டாவது படிக்கும்போதிருந்து லீவு நாள்ல சித்தப்பாவோட நாட்டுப்படகுல நானும் போயிட்டு வர்றேன்.

சின்ன வயசுல மண்டபத்துல ஹோவர்கிராஃப்ட் தண்ணியில இருந்து அப்படியே மணல்ல ஏறி வந்து நின்னதைப் பார்த்தேன். அன்னையில இருந்து கடலோரக் காவல்படைன்னா ஒரு பித்து. இப்ப நாவிக் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். ஆனா குழப்பமா இருக்கு.

எங்க பக்கத்துல ஒருத்தர் நாலு லட்சம் குடுத்தா உள்ளே சொல்லி வாங்கித் தர்றேன்னு அம்மாகிட்ட பேசியிருக்கார். அம்மா நகையை அடகு வைக்கிற யோசனையில இருக்காங்க. அது நெசமா? பரீட்சை தமிழ்ல இருக்குமா? அக்னிவீர் மாதிரி நாலு வருசத்துல அனுப்பிருவாங்களா? மெரைன் போலீசும் இதுவும் ஒண்ணா?

எல்லாத்துக்கும் மேல அப்பா. "நம்ம ஆளுங்களை எல்லையில நின்னு விரட்டுற வேலைக்கா உன்னைப் படிக்க வச்சேன்"னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். ரெண்டு நாளா என்கூடப் பேசல. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

சில்வர் பீச் எழுதியது:

நண்பா, நான் கடலூர். பரீட்சை பாஸ் பண்ணி, ரெண்டாம் கட்டத்துல சென்னையில திருப்பி அனுப்பப்பட்டவன். காரணம் ஒரே ஒரு எழுத்து. பத்தாவது மார்க் ஷீட்ல என் இனிஷியல் பேருக்கு முன்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா பேருக்குப் பின்னாடி. விண்ணப்பத்துல ஆதார்படி அடிச்சிருந்தேன். சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில அந்த அதிகாரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விரலால தொட்டுக் காட்டினார். நான் எவ்வளவோ சொன்னேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

அதனால படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆதாரைப் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கிற மாதிரி மாத்து. பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி மூணும்.

இன்னொண்ணு. தமிழ்நாடு போலீசோட கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மீனவர் வீட்டுப் பசங்களுக்குக் காவல்படை, கடற்படைத் தேர்வுக்கு மூணு மாசம் இலவசப் பயிற்சி தருது. தங்க இடம், சாப்பாடு உண்டு, மாசம் 1,000 ரூபாயும் தருவாங்க. நான் அதுலதான் படிச்சேன். பக்கத்துல இருக்கிற மெரைன் போலீஸ் ஸ்டேஷன்லயோ மீனவர் கூட்டுறவு சங்கத்துலயோ கேளு. அடுத்த பேட்ச்சுக்கு நானும் மறுபடி எழுதுறேன்.

வேம்பாரான் எழுதியது:

தம்பி, நான் வேம்பார். 1996-ல நாவிக்கா சேர்ந்து, 23 வருசம் கழிச்சு உத்தம் அதிகாரிங்கிற பதவியில வெளிய வந்தவன். எங்க அப்பாவும் வல்லம் ஓட்டினவர். அதனால உன் கேள்வியை ரெண்டு தடவை வாசிச்சேன்.

முதல்ல அந்த நாலு லட்சம். இப்பவே போய் அம்மாகிட்ட சொல்லு, நகை பெட்டியிலயே இருக்கட்டும்னு. பரீட்சை கம்ப்யூட்டர்ல நடக்குது. ஓட்டத்தைக் கடிகாரம் வச்சு அளக்குறாங்க. கண்ணையும் காதையும் டாக்டர் பார்க்கிறார். இதுல அந்த ஆள் எங்க நுழைவார்? இவங்க பத்துப் பேர்கிட்ட வாங்குவாங்க. சொந்தத் திறமையில தேறுற ரெண்டு பேரு பணத்தை வச்சுக்குவாங்க, மீதி எட்டுப் பேருக்கு "அடுத்த பேட்ச்"னு சொல்லுவாங்க. எங்க ஊர்லயே ஒரு குடும்பம் இப்படிப் படகுப் பங்கை வித்துக் குடுத்துட்டு உக்காந்திருக்கு. விண்ணப்பக் கட்டணம் 300 ரூபா. எஸ்சி, எஸ்டி பசங்களுக்கு அதுவும் கிடையாது. இதுக்கு மேல ஒரு காசு யாருக்கும் குடுக்காதே.

அக்னிவீர் தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத்தான். கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ இருந்தாலும் அந்தத் திட்டத்துல வரல. இது நிரந்தர வேலை. மெரைன் போலீஸ் வேற. அது மாநிலக் காவல்துறை, கரையை ஒட்டின கடல்ல ரோந்து போகும், அவங்க உதவி நம்பர் 1093. நம்ம படை மத்திய அரசு. 1977-ல தற்காலிகமா தொடங்கி, 1978-ல சட்டம் போட்டு நிலையா அமைச்சாங்க. கரையில இருந்து 200 கடல் மைல் வரைக்கும் நம்ம பொறுப்பு. கடல்ல ஆபத்துன்னா 1554.

நீ எழுதப்போறது நாவிக் ஜிடி, அதாவது ஜெனரல் டூட்டி. வயசு 18-ல இருந்து 22. பிளஸ் டூவுல கணக்கும் இயற்பியலும் வேணும், உனக்கு இருக்கு. ஓபிசிக்கு வயசுல 3 வருசம் சலுகை. இங்கதான் நம்ம பசங்க தடுக்கி விழுறாங்க. ஸ்கூல்ல குடுத்த எம்பிசி சாதிச் சான்றிதழ் அங்க செல்லாது. மத்திய அரசு படிவத்துல ஓபிசி, நான் க்ரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம்)னு போட்ட சான்றிதழ் தனியா வாங்கணும். இ-சேவையில விண்ணப்பிச்சா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போய் வர நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினா கைக்கு வராது.

பரீட்சை தமிழ்ல கிடையாது. இங்கிலீஷ், இந்தி ரெண்டுதான். பயப்படாதே. முதல் பகுதியில 60 கேள்வி, 45 நிமிசம், பத்தாவது தரத்துல கணக்கு, அறிவியல், இங்கிலீஷ், ரீசனிங், பொது அறிவு. ரெண்டாவதுல 50 கேள்வி, 30 நிமிசம், பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும். தப்பா போட்டா மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒண்ணையும் விடாதே. உனக்குப் பாடம் தெரியும், பேருதான் தெரியாது. உந்தம்னா உனக்குத் தெரியும், மொமென்டம்னு கேட்டா முழிப்பே. ஒளிவிலகல் தெரியும், ரிஃப்ராக்‌ஷன் தெரியாது. நம்ம மாநிலப் பாடப்புத்தகமே இங்கிலீஷ்வழியில இருக்கில்ல, அதே பாடம், அதே படம், அதே கணக்கு. இரவல் வாங்கு. தமிழ்ப் புத்தகத்தை இடது பக்கம், இங்கிலீஷை வலது பக்கம் விரிச்சு வச்சு வரி வரியா வாசி. என் அக்கா மகன் இப்படித்தான் படிச்சான், இப்ப பாராதீப்ல இருக்கான்.

உடல் தகுதி: 1.6 கிலோமீட்டர் 7 நிமிசத்துல, முடிச்சதும் 20 உட்கார்ந்து எந்திரிக்கிறது, 10 தண்டால். நடுவுல ஓய்வு கிடையாது. உயரம் 157 செ.மீ. கண்ணாடி இல்லாம ஒரு கண் 6/6, இன்னொண்ணு 6/9. நிறக்குருடு இருந்தா எடுக்க மாட்டாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. ராத்திரி எதிர்ல வர்ற கப்பலோட இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எது தெரியுதுங்கிறதை வச்சுத்தான் அது எந்தப் பக்கமா போகுதுன்னு கணிக்கணும். காது அழுக்கு, சொத்தைப் பல்லு இதெல்லாம் முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டிச் சரி பண்ணிக்கோ.

தேறினா ஒடிசாவுல ஐஎன்எஸ் சில்காங்கிற கடற்படைத் தளத்துல பயிற்சி. அங்க உடம்பைவிடப் பாஷைதான் நம்மை வாட்டும். முதல் வாரம் "பீச்சே முட்"னு கத்தினா என்னன்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல நின்ன பீகார் பையன் திரும்புறதைப் பார்த்துத் திரும்புவேன். அரை நொடி பிந்தும். அந்த அரை நொடிக்குத் தினம் தண்டனை. ஓட்டம், நீச்சல், கயிறு, முடிச்சு எல்லாத்துலயும் நான் முன்னாடி நின்னேன், ஆனா ராத்திரி படுக்கையில அழுதிருக்கேன். ரெண்டாவது மாசம் அந்தப் பையனுக்கு நான் நீச்சல் சொல்லிக் குடுத்தேன், அவன் எனக்கு இந்தி சொல்லிக் குடுத்தான். நீ இப்பவே நூறு வார்த்தை கத்துக்கிட்டுப் போ, அந்த அழுகை மிச்சம்.

சம்பளம் அடிப்படை 21,700. அகவிலைப்படி, மத்த படிகளெல்லாம் அதுக்கு மேல, எங்க போடுறாங்கங்கிறதைப் பொறுத்து மாறும். வருசத்துக்கு 45 நாள் ஈட்டிய விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு.

இப்ப அப்பா கேட்ட கேள்வி. அவர் கேட்டதுல நியாயம் இருக்கு. எல்லைக்கோட்டுக்கிட்ட நின்னு நம்ம படகைத் திரும்பச் சொல்றதும் இந்த வேலையில உண்டு. நானும் சொல்லியிருக்கேன். அந்தப் பக்கம் போனா பிடிபடுவாங்க, படகு போகும், வருசக்கணக்குல வழக்கு நடக்கும்னு தெரிஞ்சேதான் சொல்லணும். சொல்லும்போது அந்தப் படகுல நிக்கிறவர் மூஞ்சியைப் பார்க்க முடியாது. மீன் அந்தப் பக்கம்தான் கிடக்குன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை உன் அப்பாகிட்ட மறைக்காதே.

ஆனா இதையும் சொல்லு. ஒரு நவம்பர் மாசம், மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே தாழ்வுநிலை. மீனவர்களைக் கரைக்குத் திருப்ப எங்க கப்பல் தூத்துக்குடியில இருந்து வெளிய போச்சு. ராத்திரி ஒரு மணி. ரேடார்ல ஒரே ஒரு புள்ளி, தானா ஓடல, நீரோட்டத்தோட தெக்கே போய்க்கிட்டிருக்கு. எங்க வாட்ச் அதிகாரி ஹரியானாக்காரர், நல்ல மனுசன். வயர்லெஸ்ல எல்லாக் கப்பலும் கேக்கிற பொதுச் சேனல் 16-ல இங்கிலீஷ்ல கூப்பிட்டார், இந்தியில கூப்பிட்டார். பதில் இல்லை. நம்ம ஆளுங்க 16-ல இருக்க மாட்டாங்க, அவங்களுக்குள்ள பேசிக்கிற சேனல்ல இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நான் மைக்கை வாங்கி ஒவ்வொரு சேனலா திருப்பினேன். ஒண்ணுல கரகரன்னு யாரோ மாதாவைக் கூப்பிட்டுச் செபம் சொல்ற சத்தம்.

"அண்ணே, காவல்படைக் கப்பல்ல இருந்து பேசுறேன். உங்க விளக்கு தெரியல. எத்தனை பேர் இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீ எந்த ஊரு?"

"வேம்பார்."

"வேம்பார்ல எந்தத் தெரு?"

தெற்குத் தெருன்னேன், அப்பா பேரைச் சொன்னேன். அதுக்குப் பிறகுதான் அவர் பேசினார். ஆறு பேர், கியர் பாக்ஸ் போயிருச்சு, பேட்டரி இறங்கிருச்சு, விளக்கு போட்டா வயர்லெஸ்சும் செத்துருமேன்னு இருட்டுல கிடக்கோம்னார். அவங்க எங்களை வேற நாட்டுக் கப்பல்னு நினைச்சு வாயைத் திறக்காம இருந்திருக்காங்க.

அலை அவ்வளவு பெரிசு, ஜெமினின்னு சொல்ற ரப்பர் படகை இறக்க முடியல. மெல்லிசுக் கயிறை எறிஞ்சு, அதுல கனமான கயிறைக் கட்டி விட்டோம். முதல் ரெண்டு தடவை காத்து தூக்கிட்டுப் போயிருச்சு. மூணாவது தடவை அணியத்துல (படகோட முன்பக்கம்) நின்ன பையன் பிடிச்சான். உன் வயசுதான் இருக்கும். "எங்க கட்ட?"னு கேட்டான். அணியத்துல இருக்கிற கட்டையில மட்டும் கட்டினா இழுக்கிற இழுப்புல பிடுங்கிட்டு வந்துரும், கயிறைப் படகைச் சுத்திக் கொண்டுபோய்ப் பின்னால சேர்த்துக் கட்டுன்னு நான் தமிழ்ல கத்தினேன். நம்ம படகு எப்படிச் செஞ்சிருக்கும்னு தெரிஞ்சவன்தான் அதைச் சொல்ல முடியும். விடிய விடிய மெதுவா இழுத்துட்டு வந்தோம்.

அந்தக் கப்பல்ல அன்னைக்குத் தமிழ் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. இன்னொருத்தர் சமையல்கட்டுல இருந்தார். உன்னை மாதிரிப் பசங்க இன்னும் பத்துப் பேரு அங்க இருக்கணும். எனக்கு வேற ஒரு காரணமும் தேவைப்படல.

மூணாவது குவார்ட்டர்ஸ் எழுதியது:

என் வீட்டுக்காரர் காவல்படையில யாந்திரிக், அதாவது டெக்னிக்கல் பிரிவு. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டுச் சேர்ந்தவர். அந்த வழியில போனா அடிப்படைச் சம்பளம் 29,200, அதோட யாந்திரிக் படி தனியா. தம்பிக்கு டிப்ளமோ படிக்கிற எண்ணம் இருந்தா அதையும் யோசிக்கலாம். ஆனா வயசு வரம்பு அதே 22 தான், அதனால நாளைக் கணக்குப் பண்ணிக்கோங்க.

வீட்டுப் பக்கம் ஒண்ணு சொல்றேன். ஓகா, ஹால்டியா, போர்ட் பிளேர், இப்ப மண்டபம். நாலு ஊர். பெரியவன் மூணு கேந்திரிய வித்யாலயா மாறியிருக்கான். ரெண்டாவது குழந்தை பிறக்கும்போது அவர் கடல்ல. பதினோராம் நாள்தான் வந்து தூக்கினார். கப்பல் எப்ப கிளம்புது, எப்ப வருதுன்னு போன்ல சொல்லக் கூடாது, அதனால நான் கேக்கிறதையே விட்டுட்டேன். புயல் வருதுன்னு டிவியில சொன்னா எல்லாரும் வீட்டுக்குள்ள வருவாங்க, இவர் பையை எடுத்துட்டு வெளிய போவார். 2017-ல ஒக்கி சமயத்துல ஒன்பது நாள் கழிச்சுத்தான் அவர் குரலைக் கேட்டேன்.

தம்பி, உங்க அம்மா மீனவர் வீட்டுப் பெண். காத்திருக்கிறது அவங்களுக்குப் புதுசு இல்ல. ஆனா மாசாமாசம் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, குவார்ட்டர்ஸ், இது அவங்களுக்குப் புதுசா இருக்கும். அதை எடுத்துச் சொல்லுங்க.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறா, அவளும் காவல்படைதான்கிறா. பெண் பிள்ளைங்க டிகிரி முடிச்சு அசிஸ்டன்ட் கமாண்டண்டா, அதிகாரியா போகலாம்.

பாம்பன் காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மா அந்த ஆளுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆதார் திருத்தத்துக்கு நாளைக்கு டோக்கன் போட்டிருக்கேன்.

நேத்து சாயங்காலம் அப்பா வலை பொத்திக்கிட்டு இருந்தார். வேம்பார் அண்ணன் எழுதினதைப் பக்கத்துல உக்காந்து முழுசா வாசிச்சேன். எல்லையைப் பத்தி எழுதின இடத்துல கை நின்னுச்சு. தலையை நிமிர்த்தல. கயிறு கட்டின இடம் வந்ததும், "ஆமா, சுத்திக் கட்டலன்னா பேத்துக்கிட்டு வந்துரும்"னார். ரெண்டு நாளைக்கு அப்புறம் அதுதான் அவர் என்கிட்ட பேசினது. கடைசியில, அந்தப் படகு எந்த ஊருன்னு கேளுன்னார். மணல்ல ஓடிப் பார்த்தேன், 1.6 கிலோமீட்டர் 8 நிமிசம் 40 நொடி ஆகுது அண்ணே. தேறுமா?

வேம்பாரான் எழுதியது:

தருவைக்குளம் படகுன்னு அப்பாகிட்ட சொல்லு. ஆறு பேரும் கரை சேர்ந்தாங்க. கயிறு பிடிச்ச பையனுக்கு உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சிருச்சு, கப்பல்லயே மருந்து போட்டோம். அடுத்த வருசம் எங்க அம்மா சாவுக்கு அந்த டிரைவர் வேம்பாருக்கு வந்திருந்தார்.

மணல்ல 8.40-ன்னா ஒண்ணும் மோசமில்ல. இனி மணல்ல வாரம் ரெண்டு நாள் மட்டும் ஓடு, காலுக்கு வலு வரும். மீதி நாள் ஷூ போட்டுத் தார் ரோட்டுலயோ ஸ்கூல் மைதானத்துலயோ ஓடு. தேர்வுல ஓடுறது கெட்டித் தரையிலதான். 400 மீட்டரை நாலு சுத்துன்னு பிரிச்சுக்கோ, ஒரு சுத்து ஒண்ணே முக்கால் நிமிசத்துக்குள்ள வரணும். முதல் சுத்துல எல்லாரும் சிட்டாப் பறப்பாங்க, நீ அவங்க பின்னாடி போகாதே. முடிச்ச உடனே நின்னுறாம தண்டால் எடுத்துப் பழகு, மூச்சு வாங்கும்போது பத்து எடுக்கிறது வேற மாதிரி இருக்கும்.

ஓபிசி சான்றிதழுக்கு இந்த வாரமே மனு போடு. அப்பாவோட வருமானச் சான்று, குடும்ப அட்டை, உன் பழைய சாதிச் சான்றிதழ் மூணையும் எடுத்துக்கிட்டுப் போ. மனு நம்பர் கிடைச்சதும் இங்க எழுது.